அக்கரைத் தோழமையும் ஆங்கில இலக்கணமும்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உத்தமபாளையம் பக்கத்தில் சிறு திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் தந்தை ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தார். மகளின் கையில் மதிப்பெண் சான்றிதழ் இருந்தது. ஆங்கிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. நாம் மகிழ்ந்து பாராட்டினோம். தந்தையின் முகத்திலோ மகிழ்ச்சி இல்லை.

“சாமி, எல்.கே.ஜி. தொடங்கி இங்கிலீஷ் மீடியத்தில்தான் படிக்க வைத்தேன். இவள் படிப்புக்காகத் தோட்டத்தில் பாதியை ஒத்திக்கு விட்டேன். இப்பொழுது ஒரு வேலைக்காகத் தொலைபேசியில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசச் சொன்னார்கள். இவள் வாயே திறக்கவில்லை” என்றார்.

மகள் தலை குனிந்தபடி நின்றாள். பிறகு மெல்லிய குரலில், “இலக்கண விதியெல்லாம் எனக்குத் தெரியும் சாமி. ஆனால் இதுவரை யாரிடமும் நான் ஆங்கிலத்தில் எதையும் சொன்னதில்லையே” என்றாள்.

பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு மொழியைப் படித்த பெண் அம்மொழியில் ஒருவரிடமும் ஒரு செய்தியும் சொன்னதில்லை! கேள்வித்தாளுக்கு விடை எழுதியிருக்கிறாள். கோடிட்ட இடங்களை நிரப்பியிருக்கிறாள். ஒரு மனிதருக்கு ஒரு வரி எழுதியதில்லை. இது அவள் ஒருத்தியின் குறையன்று. தேனி, போடி, சின்னமனூர், கம்பம், கூடலூர் எனப் பள்ளத்தாக்கு நெடுகிலும் கடன்பட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் எத்தனையோ பெற்றோரின் கண்ணீர்க் கதை இதுவே. ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே உங்களோடு சற்றுப் பேச விரும்புகின்றோம்.

ஐரிஷ் ஆசிரியை கற்பித்த பாடம்

முதலில் நம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். குருமடத்தில் பயின்ற காலத்தில் நமக்கு அயர்லாந்து நாட்டில் பேனா நண்பர் ஒருவர் வாய்த்தார். பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை அவர். நாம் ஆங்கில இலக்கண நூலைத் தலைகீழாக ஒப்பிக்கும் மாணவர் என்று பெயர் வாங்கியிருந்தோம். அந்தத் துணிவில் முதல் மடலிலேயே, உங்கள் புகைப்படம் ஒன்றை அனுப்புங்கள் என்னும் கருத்தில், ‘சென்ட் மீ யுவர் போட்டோ’ என்று எழுதினோம். அடுத்த மடலில், ‘டெல் மீ அபௌட் யுவர் வில்லேஜ்’ என்றோம். ஒவ்வொன்றும் பிழையற்ற வாக்கியம். எந்தத் தேர்விலும் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

மூன்றாவது மடலுக்கு விடை தாமதமாக வந்தது. நலம் விசாரித்துவிட்டு, தாம் ஏதேனும் தவறாக எழுதி நம் மனத்தை நோகச் செய்துவிட்டாரோ என்று அந்த அம்மையார் தயக்கத்தோடு கேட்டிருந்தார். நாம் திடுக்கிட்டோம். அவரிடம் நமக்கிருந்ததெல்லாம் மரியாதைதான். பிறகு அவருடைய மடல்களையெல்லாம் எடுத்து மீண்டும் வரிசையாகப் படித்துப் பார்த்தோம். அவர் ஓரிடத்திலாவது ‘சென்ட் மீ’ என்று எழுதவில்லை. ‘குட் யூ சென்ட் மீ’ என்றும், ‘வுட் யூ மைண்ட்’ என்றுமே எழுதியிருந்தார்.

‘கேன்’ என்பதன் இறந்தகாலம் ‘குட்’ என்று நாம் மனப்பாடம் செய்திருந்தோம். அந்தப் பெருமாட்டி நாளை அனுப்பவேண்டிய படத்திற்கு இறந்தகாலச் சொல்லை ஏன் இட்டார்? சிந்தித்த பின்னரே உண்மை விளங்கிற்று. தமிழில் மரியாதை வினைமுற்றின் விகுதியிலேயே இருக்கிறது. ‘அனுப்பு’ என்பது வேறு, ‘அனுப்புங்கள்’ என்பது வேறு. ஆங்கில ஏவல் வினைக்கு அத்தகைய விகுதி கிடையாது. ஆண்டவனுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் அங்கே ‘யூ’ ஒன்றே. ஆகவே அவர்கள் மரியாதையை வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள்: ஏவலை வினாவாக்கி, நிகழ்காலத்தை இறந்தகாலமாக்கிச் சற்றே தள்ளி நின்று கேட்கிறார்கள். நாமோ ‘அனுப்புங்கள்’ என்பதிலிருந்த ‘ங்கள்’ என்னும் பணிவைக் கடல் கடக்கும்போது நழுவவிட்டு, வெறும் ‘அனுப்பு’ என்பதை அந்த முதியவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்!

இலக்கண நூலில் ‘குட்’ இருந்தது. அது எதற்காக இருக்கிறது என்பது மட்டும் அங்கே இல்லை. மறுமுனையில் ஒரு மனிதரின் மனம் சற்றே புண்பட்ட பிறகுதான் அது நமக்குக் கிடைத்தது.

‘நாம்’ என்பதிலும் அப்படித்தான். செப்டம்பரில் வேளாங்கண்ணிக்குச் செல்வோம் என்று ‘வீ’ போட்டு எழுதியபோது, உங்கள் ‘வீ’யில் நானும் உண்டா என்று அவர் வேடிக்கையாகக் கேட்டார். கேட்பவரையும் சேர்த்தால் ‘நாம்’, சேர்க்காவிட்டால் ‘நாங்கள்’ என்று தமிழ் பிரித்துக் காட்டும் நுட்பம் ஆங்கிலத்தில் இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம். பிறந்தது முதல் பேசிவந்த தாய்மொழியின் இலக்கணத்தை அயர்லாந்திலிருந்து வந்த ஒரு கேள்வி நமக்குக் கற்பித்தது.

பழைய வழிதான்

அயலாரோடு பேசிப் பழகி ஒரு மொழியின் இலக்கணத்தைக் கண்டுகொள்ளுதல் நம் மண்ணுக்குப் புதியதன்று. 1546ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வந்த போர்த்துகீசியத் துறவி அண்ட்ரிக் அடிகளார் முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்து தமிழ் கற்றார். அயல்நாட்டார் பயில்வதற்கேற்ற தமிழ் இலக்கணத்தை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. மக்கள் பேசுவதைக் கேட்டு, இலத்தீன் இலக்கணத்தின் முறையிலே வேற்றுமைகளையும் வினைத்திரிபுகளையும் தாமே வகுத்துக்கொண்டார். அவ்வாறு கற்ற தமிழில் அவர் ஆக்கித் தந்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது.

அவருக்குப் பின் மதுரை மறைத்தளத்திற்கு வந்த இத்தாலியரான வீரமாமுனிவர் மற்றொரு நுட்பத்தைக் கண்டார். மக்கள் பேசும் தமிழும் புலவர் எழுதும் தமிழும் வேறுவேறு ஒழுங்குடையன என்று உணர்ந்து, கொடுந்தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாக இரு இலக்கணங்களை இலத்தீனில் எழுதினார். சந்தையில் பேசியும் புலவரோடு பழகியும் அறிந்தவருக்கே இந்த வேறுபாடு புலப்படும்.

இவ்விருவரும் செய்தவற்றை நோக்குங்கள். மக்களோடு பேசினார்கள், பேசியதோடு நின்றுவிடாமல் கேட்டதைக் குறித்தார்கள், குறித்ததிலிருந்து விதியைக் கண்டார்கள். பேச்சு, குறிப்பு, விதி ஆகிய இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் கல்வி நிறைவுறுவதில்லை. நம் பிள்ளைகளுக்கு விதி மட்டுமே கிடைத்தது. பேச்சு மட்டுமே கிடைத்தவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களையும் சற்றுக் காண்போம்.

ஏலத்தோட்டத்து மலையாளம்

விடியற்காலையில் கம்பம், கோம்பை, தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுவதை நீங்கள் அறிவீர்கள். இருபது முப்பது ஆண்டுகளாக இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் பழம் எடுக்கும் தாய்மார்கள் மலையாளம் பேசுகிறார்கள். கூலி பேசுவார்கள்; கடையில் பேரம் பேசுவார்கள்; கங்காணியோடு வாதாடவும் செய்வார்கள். மொழி அவர்களுக்குச் சோறு போடுகிறது. எனினும் அவர்களுள் பெரும்பாலோர் பேசுவது தமிழின் உடம்பிலே மலையாளச் சொல்லைப் போர்த்திய ஒரு கலவைதான். அதைக் குறையென்று நாம் கூறவில்லை. அவர்களுடைய தேவைக்கு அது போதும். தேவை முடிந்த இடத்தில் கல்வியும் நின்றுவிட்டது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இதே நிலையை அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு ஷ்மிட் 1983இல் வெளியிட்ட ஆய்வொன்றில் விளக்கினார். ஹவாய்த் தீவில் குடியேறிய ஜப்பானிய ஓவியர் ஒருவரை அவர் மூன்று ஆண்டுகள் உற்றுநோக்கினார். ஓவியர் எல்லோரோடும் கலகலப்பாக ஆங்கிலம் பேசுவார்; படங்களை விற்பார்; நண்பர்கள் ஏராளம். ஆண்டுக்கு ஆண்டு அவருடைய உரையாடும் திறன் வளர்ந்தது. இலக்கணமோ ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது. புரிந்துகொள்ளும் நண்பர்கள் சூழ இருந்ததால், திருத்திக்கொள்ள வேண்டிய நெருக்கடி அவருக்கு எழவேயில்லை.

கனடாவிலும் இதையொத்த ஒன்று தெரியவந்தது. மாண்ட்ரியல் நகருக்கு அருகில் உள்ள செயின்ட் லாம்பெர்ட் என்னும் ஊரில் 1965இல் ஆங்கிலேயக் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு மொழியிலேயே எல்லாப் பாடங்களையும் கற்பிக்கத் தொடங்கினார்கள். அம்முறை நாடெங்கும் பரவியது. அக்குழந்தைகள் பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக் குழந்தைகளை நெருங்கினார்கள். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் பல ஆண்டுகள் கழிந்தும் நீங்கவில்லை. இதை ஆராய்ந்த மெரில் ஸ்வேன் அம்மையார் 1985இல், கேட்பது மட்டும் போதாது, பிறர் புரிந்துகொள்ளும்படி தாமே முயன்று சொல்லவும் எழுதவும் வேண்டும் என்று முடிவு கூறினார். கேட்பவர் பொருளை ஊகித்துக்கொள்ளலாம். சொல்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. நேற்றா, இன்றா, ஒருவரா, பலரா என்பதை அவர் தீர்மானித்தே ஆகவேண்டும்.

பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிட்டால் ஆங்கிலம் தானே வந்துவிடும் என்று நம்பும் பெற்றோர் இச்செய்தியை மனத்தில் இருத்தவேண்டும்.

கவனித்தல் என்னும் வாயில்

மேலே கூறிய ஷ்மிட் பின்னர்ப் பிரேசில் நாட்டில் ஐந்து மாதங்கள் தங்கிப் போர்த்துகீசியம் பயின்றார். சிறிது காலம் வகுப்புக்குச் சென்றார். மற்ற நேரமெல்லாம் மக்களோடு பேசினார். நாள்தோறும் நாட்குறிப்பு எழுதினார். பிறகு ஆராய்ந்தபோது ஒன்று புலனாயிற்று. வகுப்பில் கற்றதெல்லாம் அவர் நாவில் வந்துவிடவில்லை. தெருவில் காதில் விழுந்ததெல்லாமும் வந்துவிடவில்லை. பிறர் வாயிலிருந்து வரும்போது, அட, இதை இப்படியா சொல்கிறார்கள் என்று எவற்றைக் கவனித்தாரோ அவையே பெரிதும் அவர் பேச்சில் இடம்பெற்றன. வகுப்பு அவருக்கு எதைக் கவனிக்கவேண்டும் என்று காட்டியது. தெரு அதை உயிரோடு கொண்டுவந்து நிறுத்தியது.

நம் ஐரிஷ் ஆசிரியையின் மடல்களில் இதை நாமும் கண்டோம். எனக்கு இரண்டு சகோதரிகள் இருக்கிறார்கள் என்பதை ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ என்று எழுதியிருந்தோம். அவர் பிழை என்று சொல்லவில்லை. ‘ஹௌ நைஸ் தட் யூ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’ என்று தம் விடையில் சரியான வடிவத்தைப் பரிவோடு வைத்துவிட்டார். முதல் முறை படித்தபோது அது நம் கண்ணில் படவேயில்லை. மடல் கையில் இருந்ததால் நான்காம் முறை படித்தபோது பட்டது. வாய்ப்பேச்சாக இருந்திருந்தால் அது காற்றோடு போயிருக்கும்.

இங்கேதான் இணையத்தின் சிறப்பு நமக்குப் புலனாகிறது. அன்று நம் மடலுக்கு விடை வர ஒரு மாதம் ஆயிற்று. இன்று மின்மடல் நொடியில் செல்கிறது. எனினும் எழுத்து திரையில் நிற்கிறது. மேலே தள்ளி மீண்டும் படிக்கலாம். நாம் எழுதியதையும் அவர் எழுதியதையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். பேச்சின் விரைவும் மடலின் நிலைபேறும் ஒருங்கே கிடைத்திருக்கின்றன.

பிற நாட்டுச் செய்திகள்

பள்ளிகளுக்கிடையே மடல் பரிமாறும் முறையைப் பிரான்சு நாட்டு ஆசிரியர் செலெஸ்தேன் பிரெனே 1920களிலேயே நடத்திக் காட்டினார். இரண்டாம் உலகப் போரில் ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும் 1963இல் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்ட பின்னர், இரு நாட்டு இளைஞரையும் இணையிணையாக அமர்த்தி, அவன் மொழியை இவனும் இவன் மொழியை அவனும் கற்றுக்கொள்ளும் முறை வளர்ந்தது. 1990களில் ஜெர்மனியின் போக்கும் பல்கலைக்கழகத்தார் இதை மின்னஞ்சல் வழியே நடத்தினார்கள். இதன் விதிகள் இரண்டே: பாதி நேரம் உன் மொழி, பாதி நேரம் என் மொழி, அவரவர் கல்விக்கு அவரவரே பொறுப்பு. கொடுத்து வாங்கும் இம்முறையில் ஒருவர் வள்ளலும் மற்றவர் இரவலருமாக இல்லை. இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர்.

இப்பரிமாற்றத்தால் இலக்கணம் உண்மையிலேயே வளர்கிறதா என்று ஆராய்ந்தவர்களுள் ஜூலி பெல்ஸ், செலஸ்ட் கின்சிங்கர் ஆகிய இரு அமெரிக்கப் பேராசிரியைகளைக் குறிப்பிடலாம். இவர்களின் ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் தமிழைப் போலவே ‘நீ’ வேறு, ‘நீங்கள்’ வேறு. இதை அமெரிக்க மாணவர் வகுப்பில் படித்தே இருந்தார்கள். ஆயினும் ஐரோப்பிய மாணவரோடு இணையத்தில் எழுதத் தொடங்கியபோது, ஒரே மடலில் ‘நீ’யும் ‘நீங்க’ளும் கலந்து வந்தன. சம வயதுத் தோழர்கள், எங்களை ஏன் பெரியவர்களைப் போல் அழைக்கிறாய், ‘நீ’ என்றே சொல் என்று கேட்டுக்கொண்டார்கள். அதன் பின்னர் மெல்ல மெல்ல அம்மாணவர்களின் எழுத்தில் ஒழுங்கு பிறந்தது. ஆசிரியர் விளக்கிய விதி உறங்கிக் கிடந்தது. தோழன் முகம் சுளித்தவுடன் அது விழித்தெழுந்தது.

நம் மாணவர்க்கும் அவர்களுக்கும் தடுமாற்றம் ஒன்றே, திசைதான் எதிரெதிர். ‘யூ’ ஒன்றே அறிந்தவன் ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாட்டில் தடுமாறுகிறான். அதை விகுதியில் அறிந்த நாம் ‘குட் யூ’ என்பதில் தடுமாறுகிறோம்.

தமிழ் நிலத்தை ஒட்டிய செய்தியும் ஒன்று உண்டு. 1999இல் டில்லியின் கால்காஜிப் பகுதியில் சுவரில் துளையிட்டுக் கணிப்பொறி வைத்து, சேரிக் குழந்தைகள் தாமே கற்பதைக் கண்ட சுகதா மித்ரா பின்னாளில் காளிக்குப்பம் என்னும் தமிழ் பேசும் சிற்றூரில் ஒரு சோதனை நடத்தினார். ஆங்கிலத்தில் அமைந்த உயிரியல் பாடத்தை ஆசிரியர் இன்றிக் குழந்தைகள் கணிப்பொறியில் தாமே பயின்று நூற்றுக்கு 30 மதிப்பெண் எட்டினார்கள் என்றும், பாடம் அறியாத இளம்பெண் ஒருவர் அருகில் நின்று, அடடே, இதை எப்படிச் செய்தீர்கள் என்று பாட்டியைப் போல் வியந்து ஊக்கியதும் அது 50 ஆயிற்று என்றும் அவர் தெரிவித்தார். இதிலிருந்து 2009இல் பிறந்ததுதான் இங்கிலாந்திலுள்ள முதியோர் பலர் இணையத் திரை வழியே இந்தியக் குழந்தைகளோடு உரையாடும் ‘பாட்டிமார்’ திட்டம். இவருடைய கருத்துகளுக்கு மறுப்புகளும் உண்டு. சுவர்க் கணிப்பொறிகள் சில இடங்களில் கைவிடப்பட்டுக் கிடந்ததை ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். கருவியை மட்டும் வைத்துவிட்டு மனிதர் விலகினால் கல்வி நிலைப்பதில்லை என்பதே நாம் கொள்ளவேண்டிய படிப்பினை. வியந்து கேட்க ஒருவர் இருந்தால் குழந்தைக்குச் சொல்ல ஆயிரம் இருக்கும்.

அயலான் ஏன் வேண்டும்?

நம் ஊரிலேயே பிள்ளைகள் தமக்குள் ஆங்கிலம் பேசிப் பழகினால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகும், துணிவு வரும். ஆனால் இலக்கணத்திற்கு அயலான் ஒருவன் வேண்டும். அதற்குக் காரணம் உண்டு.

தமிழில் இல்லாத ‘எ’, ‘த’ என்னும் இரு சிறு சொற்களை எடுத்துக்கொள்வோம். நம் மாணவரைப் பெரிதும் வாட்டுபவை இவையே. கூடலூர்ப் பையன் தன் வகுப்புத் தோழனிடம் ‘டேம்’ என்றால் போதும். முல்லைப் பெரியாறு அணை என்று இவனுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ‘எ டேம்’ என்றாலும் ‘த டேம்’ என்றாலும் இருவருக்கும் வேறுபாடே இல்லை. அவன் அதையே ஜப்பானில் இருக்கும் ஒரு தோழிக்கு எழுதட்டும். எடுத்தவுடன் ‘த டேம்’ என்றால் அவள், எந்த அணை என்று கேட்பாள். அப்பொழுதுதான் இவனுக்கு விளங்கும்: கேட்பவர் அறியாததை முதன்முதல் சொல்லும்போது ‘எ டேம்’, சொல்லி அறிமுகப்படுத்திய பின் ‘த டேம்’. மலையில் ஓர் அணை உண்டு. அந்த அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடவேண்டிய நீரைச் சுரங்க வழியே கிழக்கே திருப்பி எங்கள் வயல்களை வாழ்விக்கிறது என்று எழுதும்போது, ஒவ்வொரு சொல்லிலும், இது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்று அவன் நின்று எண்ணுகிறான். அந்த எண்ணத்தின் பெயர்தான் இலக்கணம்.

பன்னீர்த் திராட்சைப் பந்தலை அவளுக்கு விளக்கவேண்டுமானால், பந்தல் எங்கே, கொடி எதன்மேல், குலை எதன்கீழ் என்று சொல்லவேண்டும். ஆங்கிலத்தின் முன்னிடைச் சொற்களெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். வீரபாண்டித் திருவிழாவைப் பற்றி எழுதினால், ஆண்டுதோறும் நடப்பது, சென்ற ஆண்டு நடந்தது, இப்பொழுது நடந்துகொண்டிருப்பது என்று காலங்கள் மூன்றும் தம் வேற்றுமைகளோடு தேவைப்படும். வினாத்தாளில் சுமையாக இருந்தவை இங்கே கருவிகளாகின்றன.

இலக்கணம் என்பது தண்டனை விதிகளின் தொகுப்பன்று. நம்மைப் போல் அறியாத, நம் ஊரைக் காணாத ஒருவர் நம்மைத் தடையின்றிப் புரிந்துகொள்ள நாம் செய்யும் உபசாரம் அது. வீட்டார் பின்கட்டு வழியே இருட்டில் நடந்து வருவர். விருந்தினர்க்கோ விளக்கு வைக்கவேண்டும். விருந்தினரே வராத வீட்டில் விளக்கின் பயனைப் பிள்ளைகள் எங்ஙனம் அறிவர்?

செய்யத்தக்கது யாது?

பெரும் பொருட்செலவு இதற்குத் தேவையில்லை. நம் பள்ளத்தாக்கின் குடும்பங்கள் பலவற்றின் உறவினர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள், கனடா, இங்கிலாந்து எனப் பரவி வாழ்கின்றனர். அங்கு வளரும் பிள்ளைகள் பலர்க்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு, தமிழ்தான் தடுமாற்றம். விடுமுறையில் வந்தால் பாட்டியோடு நாலு வார்த்தை பேச இயலாமல் விழிக்கிறார்கள். அவர்களுக்காகவே 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்று, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாகப் பணிபுரிகிறது. ஆனால் நிறுவனம் பாடம் தரலாம். தோழமை தர இயலுமா? உங்கள் மகனுக்கு இல்லாதது அவர்களிடம் இருக்கிறது. அவர்களுக்கு இல்லாதது உங்கள் மகனிடம் இருக்கிறது. பெரியப்பா பேத்தியும் சித்தப்பா பேரனும் வாரம் ஒரு மடல் ஆங்கிலத்திலும் ஒரு மடல் தமிழிலும் எழுதிக்கொள்ளட்டும். நம் பிள்ளை கையேந்தி நிற்கவேண்டியதில்லை. கற்பிக்கும் பெருமையும் அதற்கு உண்டு.

இதை நடத்துவோர் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நன்று.

முதலாவது, தொடக்கத்தில் திரையில் முகம் பார்த்துப் பேசுவதைவிட மடல் எழுதுவதே மேல். எழுத்து நின்று நிதானிக்கச் செய்யும். துணிவு பிறந்த பின் பேசட்டும்.

இரண்டாவது, தோழர் ஒரு மடலில் மூன்று பிழைகளுக்கு மேல் திருத்தவேண்டா. மடல் முழுதும் சிவந்தால் மனம் கருகிவிடும்.

மூன்றாவது, ஒரு குறிப்பேடு வேண்டும். ஒரு பக்கம் நான் எழுதியது. மறுபக்கம் அதே கருத்தைத் தோழர் எழுதியது. இரண்டிற்கும் உள்ள வேற்றுமை என்னவென்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். காரணம் தெரியாவிடில் பள்ளி ஆசிரியரிடம் கேட்கட்டும். இவ்விடத்தில் ஆசிரியரின் தேவை குறையவில்லை, முன்னைவிடப் பெருகுகிறது. காரணம் கேட்டு வரும் மாணவனைக் கண்டு மகிழாத ஆசிரியர் யார்? பின்னர் அதே வாக்கியத்தை அடுத்த மடலில் திருத்தமாக ஆளவேண்டும்.

நான்காவது, இக்காலத்தில் கைப்பேசியே பிழை திருத்துகிறது; கேட்டால் மடல் முழுவதையும் செயற்கை நுண்ணறிவு எழுதியும் கொடுத்துவிடுகிறது. பிள்ளை முதலில் தானே எழுதி அனுப்பிய பின்னர் அவற்றைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். முன்னதாகவே பயன்படுத்தினால் தோழருக்கு அழகிய மடல் போய்ச் சேரும். பிள்ளைக்கு ஒன்றும் வந்து சேராது.

ஐந்தாவது, பாதுகாப்பு. முன்பின் அறியாதவரோடு பிள்ளைகளை இணையத்தில் விட்டுவிடுதல் கிணற்றடியில் குழந்தையை விட்டுச் செல்வதை ஒக்கும். உறவின் வழியாகவோ, பள்ளியின் வழியாகவோ அறிந்த குடும்பத்துப் பிள்ளையாக இருக்கவேண்டும். பெற்றோர் இருபுறமும் அறிந்திருக்கவேண்டும். படமும் முகவரியும் பணமும் கேட்கும் எவரோடும் தொடர்பு கூடாது. எனினும் அச்சத்தின் பெயரால் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் கதவை அடைத்துவிடாதீர்கள் என்று உங்களை இறைஞ்சிக் கேட்டுக்கொள்கின்றோம். கூடத்தில் அமர்ந்து எல்லோரும் காண எழுதட்டும். அண்ணனுக்கு உள்ள உரிமை தங்கைக்கும் உண்டு.

வீட்டிலே கன்னடமோ தெலுங்கோ பேசி, வீதியிலே தமிழ் பேசி, மலையேறினால் மலையாளம் பேசும் மக்கள் நிறைந்தது நம் பள்ளத்தாக்கு. இரண்டாம் மொழி என்பது நமக்கு அச்சம் தரவேண்டிய பொருளன்று. அம்மொழிகளெல்லாம் நமக்கு மனிதர் வழியே வந்தன. ஆங்கிலம் ஒன்றே நமக்குத் தாள் வழியே வந்தது. அதற்கும் ஒரு முகம் தேடிக் கொடுப்போம்.

தொடக்கத்தில் நாம் கூறிய அந்த மகள் இப்பொழுது மலேசியாவில் உள்ள தன் அத்தை மகளுக்கு வாரந்தோறும் எழுதி வருகிறாள். வேலை இன்னும் கிடைத்தபாடில்லை. தோட்டமும் ஒத்தியிலிருந்து மீளவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறோம். ஆனால் சென்ற ஞாயிறன்று குறிப்பேட்டைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினாள். பதினேழு வரிகள் இருந்தன. கடைசி வரியைச் சுட்டி, “இதற்கு மட்டும் காரணம் தெரியவில்லை சாமி, ஒருவேளை நான் எழுதியதும் சரிதானோ?” என்று கேட்டாள். வாய் திறவாது நின்ற பெண், தன்னைத் திருத்தியவளோடும் வாதாடத் துணிந்துவிட்டாள்! நாமும் பார்த்தோம். அவள் எழுதியதும் சரியாகவே இருந்தது.

இதை வாசிக்கும் குடும்பங்களுள் வெளிநாட்டில் உறவினர் உடையோர் இவ்வாரமே அவர்களுக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுப் பாருங்கள். இப்பகுதியில் ‘நாம்’ என்று எழுதும்போதெல்லாம் உங்களையும் உள்ளடக்கியே எழுதுகின்றோம். ஆகவே இம்முயற்சியை நாம் செய்வோம்.